சமையலறையில் கேட்ட பெண்குரல்

அந்த ஆண்டில்தான் வீடுகளுக்குக் காது முளைத்தது.

அதற்கு முன்புவரை அவை செங்கல்லும் சிமெண்டுமாகத்தான் இருந்தன. மழைக்கு ஒழுகின, வெயிலுக்கு வெடித்தன, வரி கட்டாவிட்டால் பூட்டப்பட்டன. வேறு எந்த உணர்ச்சியையும் அவை வெளிப்படுத்தியதாகத் தகவல் இல்லை. பிறகு மனைஞானி வந்தார். வீடுகள் கேட்கத் தொடங்கின. கேட்டதோடு நில்லாமல் கோபித்துக்கொள்ளவும் தொடங்கின.

மனைஞானி என்பது அவருடைய விளம்பர அட்டையில் இருந்த பெயர். அதன் கீழே, 'வீட்டின் மனம் அறிந்து விற்றுத் தருபவர்' என்று சாய்ந்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. வெண்ணிறக் கோட்டு, ஓசை எழுப்பாத காலணி, கையில் செம்பால் ஆன நீண்ட குழல் ஒன்று. குழலின் அகன்ற முனையைச் சுவரில் பொருத்தி, குறுகிய முனையில் காதை வைத்து, கண்களை மூடிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த வீட்டில் அவர் குழல் வைக்கிறாரோ, அந்த வீட்டு வாசலில் தெருவே கூடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒருமுறை தும்மிவிட்ட ஒருவரைக் கூட்டமே பிடித்துத் தெருமுனைக்கு அனுப்பியது. தும்மல் சுவரைப் புண்படுத்தியதா என்பது இறுதிவரை தெளிவாகவில்லை.

அவருடைய கோட்பாடு எளிமையானது. ஒரு வீட்டை அதன் உரிமையாளரே விற்க முயல்வது வீட்டுக்குச் செய்யும் அவமானம். வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, பத்திரத்தில் பெயர் எழுதிக்கொண்டவரின் வாயிலிருந்தே 'விற்கிறேன்' என்ற சொல் வீட்டுக்குள் விழுந்துவிட்டால், வீடு மனமுடைந்துபோகும். மனமுடைந்த வீட்டை எவரும் வாங்கமாட்டார். வருவார்கள், பார்ப்பார்கள், குளியலறை சிறியது என்று ஏதோ ஒரு சாக்குச் சொல்லிப் போய்விடுவார்கள். குளியலறை உண்மையிலேயே சிறியதாக இருக்கும் வாய்ப்பைக் கோட்பாடு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே அந்தச் சொல்லை அயலார் ஒருவர்தான் சொல்ல வேண்டும். அந்த அயலார் மனைஞானியாக இருப்பது நல்லது.

ஊர் உடனே திருந்தியது. 'உரிமையாளரை நேரில் அணுகவும்' என்ற பலகைகள் ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போயின. வீட்டுக்குள் எவரும் 'விற்பனை' என்று சொல்வதில்லை. 'அந்த விஷயம்' என்றார்கள். அதையும் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். மாலையில் பூங்கா நிரம்பி வழிந்தது. ஐம்பதைக் கடந்த தம்பதியர் பெஞ்சுகளில் நெருக்கி அமர்ந்து கிசுகிசுத்தார்கள். ஊரில் காதல் மறுபடியும் தழைத்துவிட்டதாக எண்ணிப் பூங்காக் காவலாளி முதலில் மகிழ்ந்தார். அருகில் போய்க் கேட்டபோது சதுர அடி, பத்திரச் செலவு, தண்ணீர்த் தொட்டி என்ற சொற்களே காதில் விழுந்தன.

தரகர்கள் எல்லாரும் இப்படிப்பட்டவர்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அளந்து பார்த்து, பத்திரம் சரிபார்த்து, வாங்குபவரைக் கூட்டிவந்து, இரு தரப்பும் கோபித்துக்கொள்ளும்போது நடுவில் நின்று வியர்வை துடைத்து, அதற்குரிய கூலி வாங்குகிறவர்கள் அந்த ஊரிலும் இருந்தார்கள். மனைஞானி இவற்றில் எதையும் செய்ததில்லை. அவர் கேட்டார். கேட்டதற்குக் கட்டணம் வாங்கினார்.

இனிக் கண்ணாடிக்காரரிடம் வருவோம்.

கண்ணாடிக்காரர் ஊரில் பாதிப்பேருக்குப் பார்வையைத் திருத்தியவர். கீழ்த்தளத்தின் முன்பகுதியில் மூக்குக்கண்ணாடிக் கடை; அதன் பின்னால் சமையலறை. படுக்கையறையும் குளியலறையும் மாடியில். இரண்டு தளங்களையும் இணைப்பது ஒரு சுழல்படிக்கட்டு. வீடு கட்டியபோது இடம் மிச்சமாகும் என்று கொத்தனார் சொன்னார், மிச்சமாயிற்று. கண்ணாடிக்காரருடைய மனைவியின் முழங்கால் ஒருநாள் மாலை அந்தப் படிகளில் ஏறியதோடு சரி, இறங்க மறுத்துவிட்டது. அன்றிலிருந்து அவர் மாடியிலேயே இருந்தார். சமையலறைக்கு வரவில்லை. தெருவுக்கு வரவில்லை. ஜன்னலில் தொங்கவிட்ட கூடையில் எதிர்வீட்டுத் தையற்காரம்மா காய்கறியும் செய்தித்தாளும் வைப்பார். இவர் கயிற்றை இழுத்துக்கொள்வார்.

மாடியிலிருந்த இந்த அம்மாள் ரயில் நிலைய அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். 'ஸ்டேஷனம்மா' என்றால்தான் ஊருக்குத் தெரியும். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்பதை இந்தக் குரல் சொல்லித்தான் ஊர் முழுவதும் அறிந்தது. ஒலிபெருக்கி பழுதான நாட்களிலும் பயணிகளுக்கு வேறுபாடு தெரிந்ததில்லை. இன்றும் அவர் மாடியில் கணவரிடம் ஏதாவது கேட்டால், எதிர்வீட்டிலிருந்து தையற்காரம்மா பதில் சொல்வார்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தரைத்தள வீடு. அதுவும் கிடைத்திருந்தது. தங்கை வீட்டுக்குப் பக்கத்து வீடு. வாசலில் படியே இல்லை. ஆனால், இந்த வீட்டை விற்றால்தான் அந்த வீட்டை வாங்க முடியும். அந்த வீட்டுக்காரர் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் வேறு ஆள் காத்திருந்தார்.

அதனால் கண்ணாடிக்காரர் தாமே வாசலில் பலகை மாட்டினார். தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் மனைவியோடு இரண்டுமுறை வந்து பார்த்தார். கடையை நூல் பிடித்து அளந்தார். "அடுப்பு இங்க, அலமாரி அங்க" என்று மனைவியிடம் மெல்லச் சொல்லிக்கொண்டார். "ஒரு வாரத்துல சொல்றோம்" என்று போனார்.

அந்த வாரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பல்மருத்துவர் வந்தார். படித்தவர், ஆகவே தயங்காமல் பேசினார்.

"போர்டை யாரு மாட்டுனது?"

"நான்தான் டாக்டர்."

"எந்தப் பக்கம் பார்த்து நின்னு மாட்டுனீங்க?"

"தெருப் பக்கம் பார்த்து."

"அப்போ வீட்டுக்கு முதுகைக் காட்டியிருக்கீங்க." பல்மருத்துவர் வேர் அழுகிய பல்லைப் பார்ப்பதுபோல் பலகையைப் பார்த்தார். "வந்து பார்த்தவங்க திரும்பி வந்தாங்களா?"

"ஒரு வாரம் டைம் கேட்டிருக்காங்க."

"கேப்பாங்க. வரமாட்டாங்க. எங்க வீடும் இப்படித்தான் கிடந்துச்சு. நான் மட்டும் மனைஞானியைக் கூப்பிடலைன்னா இன்னும் கிடக்கும். அவர் வந்தார், கேட்டார், முடிச்சார். வீடு போச்சா இல்லையா?"

வீடு போய்த்தான் இருந்தது. மனைஞானியின் மைத்துனருக்குப் போயிருந்தது. கிடைத்த விலைக்கு வேறெங்கும் ஒரு வாசற்படிகூட வாங்க முடியாததால், பல்மருத்துவர் அதே வீட்டில் மைத்துனருக்கு வாடகை கொடுத்துக் குடியிருந்தார். வீடு போனதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டுமா என்றுதான் அவர் கேட்டார்.

கண்ணாடிக்காரருக்குக் கலக்கம் பிடித்துக்கொண்டது. ரொட்டிக்கடைக்காரர் வராவிட்டால்? மாதம் முடிந்துவிட்டால்? மனைவி அந்த ஜன்னலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? அச்சம் வந்த மனிதருக்கு ஆலோசனை எதுவும் தவறாகத் தெரிவதில்லை. அன்று மாலையே பலகை இறங்கியது. மனைஞானியின் நிபந்தனைகளில் கையெழுத்தும் ஆயிற்று: விளம்பரம் கூடாது, வருகிறவர்களிடம் பேசக் கூடாது, அவருடைய அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும், வீட்டுக்குள் அந்தச் சொல் எவர் வாயிலிருந்தும் வரக் கூடாது.

"எழுதலாமா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

மனைஞானி சற்று யோசித்தார். "எழுதலாம். வீட்டுக்குக் காதுதான். கண் இல்லை."

ஜன்னல் இருக்கிறதே என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

மாடியேறி மனைவியிடம் செய்தியைத் தெரிவிப்பது எளிதாக இல்லை. மற்றவர்களைப்போல் பூங்காவுக்கும் கூட்டிப் போக முடியாது. அவர் சுவரைக் காட்டினார், காதைத் தொட்டார், உதட்டில் விரல் வைத்தார், இரண்டு கைகளாலும் கூரைபோல் செய்து, அதைத் தூக்கி யாருக்கோ கொடுத்தார்.

"என்னங்க, பல்லு வலியா?" என்றார் மனைவி.

கடையில் பழைய பார்வைப் பரிசோதனை அட்டைகள் கிடந்தன. அவற்றின் பின்பக்கத்தில் எழுதிக்காட்டினார். மனைவி படித்தார். கணவரைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். பிறகு பேனாவை வாங்கி, பரிசோதனை அட்டையின் முறைப்படியே முதல் வரியைப் பெரிதாகவும் போகப்போகச் சிறிதாகவும் எழுதினார். முதல் வரி: 'சரி.' இரண்டாம் வரி: 'ஆனால் ஒழுங்காகச் செய்வோம்.' மூன்றாம் வரி: 'ஒரு சொல்கூட விழக் கூடாது.' நான்காம் வரியைப் படிக்கக் கண்ணாடிக்காரர் வேறு கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. அதில் அவரைப் பற்றிய கருத்து இருந்தது.

இந்த உடன்பாட்டைக் கண்ணாடிக்காரர் எதிர்பார்க்கவில்லை. மனைவி மந்திரம், குறி எதையும் நம்பாதவர். வண்டி தாமதமானால் தாமதம் என்று அறிவித்துப் பழகியவர். இப்போதோ ஊரிலேயே இவரைப்போல் விதியைக் காத்தவர் எவரும் இல்லை. கணவர் மறந்துபோய், "அந்த விஷயமா..." என்று தொடங்கினாலே கைத்தடியால் தரையைத் தட்டினார். தங்கை தொலைபேசியில் அழைத்து, "அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் கேக்கறார். நீங்க வீட்டை எப்போ வித்..." என்றதும் பேச்சைத் துண்டித்தார். கண்ணாடிக்காரர் தெருவிளக்கின் கீழே ஓடிப்போய் மைத்துனியை அழைத்து நிலைமையை விளக்க வேண்டியிருந்தது.

"மாமா, உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றார் மைத்துனி.

"எனக்கென்ன, நல்லா இருக்கேன்."

"அக்காவுக்கு?"

"முட்டிதான்."

"சரி மாமா. முட்டி மட்டும்தான்னா சரி."

நாட்கள் போயின. வாங்குபவர் எவரும் வரவில்லை. ரொட்டிக்கடைக்காரர் ஒருமுறை வந்தார். விதிப்படி மனைஞானியின் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டார். அதன்பிறகு வரவே இல்லை. கண்ணாடிக்காரர் கீழே தனியே சமைத்தார். பால் பொங்கியபோது 'ஐயோ' என்றார். பாத்திரம் கருகியபோது மறுபடியும் 'ஐயோ' என்றார். வேறு பேச்சு அந்தச் சமையலறையில் இல்லை. இரவில் தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்ற அச்சத்தில் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு படுத்தார். மாதக் கடைசி நெருங்கியது. அவர் மனைஞானியின் அலுவலகத்துக்குப் போய்க் கைகட்டி நின்றார்.

"ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டுப் பார்க்கிறேன்" என்றார் மனைஞானி. அதற்குத் தனிக் கட்டணம்.

ஞாயிற்றுக்கிழமை தெரு நிறைந்தது. பல்மருத்துவர் மனைவியோடு முன்வரிசையில் நின்றார். தையற்காரம்மா, புத்தகம் தைக்கும் அண்ணன் தம்பி, பூங்காக் காவலாளி என்று இடம் கிடைத்தவர்கள் கடைக்குள்ளும், கிடைக்காதவர்கள் வாசலிலும் நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரர் கடைசியில், மாவுக் கையோடு நின்றார். மனைஞானியின் பின்னால் தோல்பையோடு அவருடைய மைத்துனர் வந்தார். எந்த வீட்டுக்கும் அவர் பையில்லாமல் வருவதில்லை.

மாடியில் ஸ்டேஷனம்மா நாற்காலியைப் படிக்கட்டின் உச்சிக்கு நகர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தார். சுழல்படி ஆதலால் கீழிருப்பவர்களுக்கு அவர் தெரியவில்லை. அவருக்குக் கீழே பேசுவது கேட்கும்.

மனைஞானி முதலில் கடைச் சுவரில் குழல் வைத்தார். தலையை அசைத்தார். இடைவழிச் சுவரில் வைத்தார். புருவத்தைச் சுருக்கினார். சமையலறைக்குள் போனார், ஆணியில் தொங்கிய பூப்போட்ட சமையல் மேலங்கியை ஒரு கணம் பார்த்தார், கழுவுதொட்டிக்கு மேலே சுவரில் குழலைப் பொருத்தினார்.

"ம்... சொல்லு" என்றார் சுவரிடம். "அடக்கிக்காதே. சொல்லு."

கூட்டம் மூச்சடக்கியது.

"ஆ. அப்படியா. யாரு? ம். பாவம்."

அவர் கண்களைத் திறந்தபோது அவை ஈரமாக இருந்தன. பயிற்சி எதையும் சாதிக்கும்.

"சொல் விழுந்திருக்கு" என்றார். "இந்த அறையில. இந்த மாசத்துல. பெண்குரல்."

"ச்சொ" என்றது கூட்டம். ஆண்களில் பலர் தத்தம் மனைவியரைத் திரும்பிப் பார்த்தார்கள். மனைவியர் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையும் அந்தக் குனிவும் அந்தத் தெருவுக்குப் பழகியவை என்பதைக் கண்ணாடிக்காரர் அப்போது கவனிக்கவில்லை. அவருடைய தலையும் தானாகவே மாடியை நோக்கி நிமிர்ந்தது. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் கடைசியில் இவள்தானா?

மனைஞானி அவர் தோளில் கை வைத்தார். "இனி இந்த வீட்டை வேற யாரும் வாங்க மாட்டாங்க. இவ்வளவு கோபத்தைத் தாங்கற ஆள் எனக்குத் தெரிஞ்சு என் மைத்துனர் ஒருத்தர்தான். அவருக்கு மனசுன்னு ஒண்ணு கிடையாது. வீடு எப்படிக் கோபிச்சாலும் அவருக்கு உறைக்காது."

மைத்துனர் அடக்கமாகத் தலைகுனிந்தார். பையைத் திறந்து தாளை எடுத்தார். கேட்ட விலையில் பாதிகூட இல்லை. அந்தத் தொகையில் படியில்லாத வீட்டின் வாசல் வரைக்கும்தான் போக முடியும். உள்ளே போக முடியாது.

"யோசிக்காதீங்க சார்" என்றார் பல்மருத்துவர். "பிடுங்கறதுன்னு ஆயிட்டா உடனே பிடுங்கிடணும்."

கண்ணாடிக்காரர் பேனாவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். ஆணியில் தொங்கிய மேலங்கி அவர் கண்ணில் பட்டது. அது மனைவியுடையதுதான். ஆனால், இத்தனை மாதமாக அதைக் கட்டிக்கொண்டு இந்த அடுப்பின்முன் நின்றவர் கண்ணாடிக்காரர். பெண்குரல் என்றால், அது எந்தப் பெண்ணின் குரல்?

கேள்வி தொண்டைவரை வந்தது. இவ்வளவு கூட்டத்தின் நடுவில் கேட்பதா என்று அங்கேயே நின்றுவிட்டது. அதற்குள் மாடியிலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம்."

வாசலில் நின்றவர்களில் இருவர் பழக்கதோஷத்தால் கைப்பையைத் தூக்கிக்கொண்டார்கள்.

"கேளுங்கம்மா" என்றார் மனைஞானி, மேலே பார்த்து.

"எந்த ரூம்னு சொன்னீங்க?"

"சமையலறை."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. தப்பாயிடப் போகுது. மாடியா இருக்கப்போகுது."

"சுவர் பொய் சொல்லாதும்மா. சமையலறைதான். கழுவுதொட்டி பக்கத்துல நின்னு சொல்லியிருக்கு."

"குரல் எப்படி? கொஞ்சம் பெருசாவா?"

மனைஞானிக்கு இது பிடித்தது. ஐயப்படுபவர்கள் விவரம் கேட்டால் அவர் தாராளமாகக் கொடுப்பார். மறுபடியும் குழல் வைத்துக் கேட்டார். "மெல்லிய குரல். ரொம்ப மெல்லிசு. அழுதுகிட்டே, பக்கத்துல நிக்கறவங்களுக்குக்கூடக் கேக்காத மாதிரி."

கடைசி வரிசையில் எவரோ களுக்கென்று சிரித்தார். அது ரொட்டிக்கடைக்காரர்.

"இந்த வீட்ல இருக்கறது நாங்க ரெண்டு பேர்" என்றது மாடிக்குரல். "நான் அந்தச் சமையல்ரூமைப் பார்த்து மாசக்கணக்காச்சு. முட்டி போனதுலேர்ந்து கீழ இறங்கினதே இல்ல. எதிர்வீட்டம்மா இருக்காங்களா?"

"இருக்கேங்கக்கா" என்றார் தையற்காரம்மா. "இறங்குனா எனக்கு எதுக்குக் கூடை வேலை? தினமும் காய் கட்டி அனுப்பறது நான்தானே."

"என் குரல் மெல்லிய குரலா?"

இதற்கு எவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெரு முழுவதும் சிரித்தது. மனைஞானி மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஊருக்குப் புதியவர். காரில் வந்து போகிறவர். ரயிலேறிப் பழக்கம் இல்லாதவர்.

"குரல் மேலேர்ந்து கீழ இறங்கியிருக்கும்" என்றார். "சுழல்படி இல்லையா, ஒலி சுத்திச் சுத்தி வரும்போது தேய்ஞ்சிடும்."

"இப்போ தேய்ஞ்சா வருது?"

மனைஞானி இருமினார். "வாய்விட்டுச் சொல்லணும்னுகூட இல்லம்மா. மனசுல நினைச்சாலே வீட்டுக்குக் கேட்டுடும்."

"மனசுல நினைச்சதே கேக்கும்னா, ஊரையே பூங்காவுல உட்காரவெச்சது எதுக்கு?"

பூங்காக் காவலாளி முதன்முறையாக நிமிர்ந்து நின்றார். அதுதான் அவருக்கும் நெடுநாள் கேள்வி.

"டாக்டர்" என்றது மாடிக்குரல். "உங்க வீட்ல எந்த ரூம்னு சொன்னார்?"

பல்மருத்துவர் தொண்டையைச் செருமினார். "அது எங்க குடும்ப விஷயம்."

"சமையல்ரூம்" என்றார் அவர் மனைவி. அந்த அம்மாள் பொதுவில் பேசி எவரும் கேட்டதில்லை. "பெண்குரல்னு சொன்னார். கழுவுதொட்டி பக்கத்துலன்னு சொன்னார். நான் வாயே திறக்கலைன்னு அன்னிக்கே இவர்கிட்ட சொன்னேன். நம்பல. வீடு போனதே என் வாயாலதான்னு இன்னிவரைக்கும் சொல்லிக் காட்டறார்."

"எங்க வீட்லயும் கழுவுதொட்டிதான்" என்றார் வாசலில் ஓர் அம்மாள்.

"எனக்கும் அதேதான். அழுதுகிட்டே சொன்னேனாம்."

"எங்க அண்ணி பாவம், இதுக்காக அவங்க அம்மா வீட்டுக்கே போயிட்டாங்க."

ஒன்றன்பின் ஒன்றாக வீடுகள் பேசின. இந்த முறை உண்மையாகவே வீடுகள்தாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்ணின்மீது பழி விழுந்திருந்தது. ஒவ்வொரு கணவரும் அவமானத்தில் அதை வெளியே சொல்லாமல் மறைத்திருந்தார். எவரும் சொல்லாததால் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பிடாததால் ஒரே பொய் தெரு முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. எந்த வீட்டில்தான் சமையலறை இல்லை? எந்தக் குடும்பத்தால்தான் ஒரு சொல்லை மாதக்கணக்கில் சொல்லாமல் இருக்க முடியும்? தவறியிருப்போம் என்று எல்லாருமே நம்பத் தயாராக இருந்தார்கள். தவறாமல் இருந்தவர்கள் இந்த இருவர் மட்டும்தான்.

புத்தகம் தைக்கும் அண்ணன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "எங்க வீட்லயும் சமையல்ரூம்ல பெண்குரல்தான் சொன்னார்."

"உங்க வீட்ல ஏதுய்யா பொம்பளை?" என்றார் தையற்காரம்மா. "நீயும் உன் தம்பியும்தானே குப்பை கொட்டறீங்க."

"அதான் நாங்களும் யோசிச்சோம். முன்னாடி குடியிருந்தவங்களா இருக்கும்னு விட்டுட்டோம்."

"என் தம்பி குரல் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும்" என்று தம்பியைக் காட்டி மேலும் விளக்கினார். தம்பி அவரைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

"அப்புறம் அந்த வீடுகளையெல்லாம் வாங்குனது யாரு?" என்றது மாடிக்குரல்.

எல்லார் கண்களும் தோல்பையின்மீது படிந்தன. மனசு என்று ஒன்று இல்லாத மைத்துனருக்குக் கால்கள் இருந்தன. அவர் தாளை மடித்துப் பையில் வைத்த வேகத்தில் அது தெரிந்தது. அப்போது ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மாவு எவர்மீதும் படக் கூடாது என்று எல்லாரும் வழிவிட்டார்கள்.

"நான் இந்த வீட்டைக் கேட்டு இவர் ஆபீசுக்குப் போனேங்க. வீடு கோபத்துல இருக்கு, வாங்கினா ரொட்டி உப்பாதுன்னு சொல்லி அனுப்பிட்டார்."

"நீங்க நம்புனீங்களா?" என்றார் கண்ணாடிக்காரர்.

ரொட்டிக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். "தொழில் பாருங்க. ரிஸ்க் எடுக்க முடியுமா?"

தையற்காரம்மா அதற்குள் மனைஞானியின் கையிலிருந்து செம்புக்குழலை வாங்கியிருந்தார். பிடுங்கியிருந்தார் என்றும் சொல்லலாம். கழுவுதொட்டிக்கு மேலே வைத்துக் கேட்டார். முகம் தீவிரமாயிற்று.

"கேக்குது" என்றார்.

"என்னக்கா கேக்குது?" என்றது கூட்டம்.

"சொட்டுசொட்டா ஏதோ விழுது. குழாய்க்கு வாஷர் போயிடுச்சு."

மனைஞானி அந்தச் சிரிப்பின் நடுவில் வாசல்வரை போய்விட்டார். ஓசையற்ற காலணிகள் இதற்கும் உதவும். ஆனால் அவருடைய காரை ஊரார் சூழ்ந்திருந்தார்கள். கட்டணங்களைத் திருப்பித் தருவதைப் பற்றியும், பத்திரங்களைப் பற்றியும் வழக்குரைஞர் ஒருவர் முன்னிலையில் பேசாமல் கதவைத் திறக்க விடமாட்டோம் என்றார்கள். அந்தப் பேச்சுக்குத் தலைமை தாங்கியவர் பல்மருத்துவரின் மனைவி. பல்மருத்துவர் சற்றுத் தள்ளி, பல் பிடுங்கப்பட்டவரின் முகத்தோடு நின்றார்.

கண்ணாடிக்காரர் பேனாவை மூடினார். படிக்கட்டின் அடியில் போய் நின்று, மேலே பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒரு நிமிஷம் உன்னையும் சந்தேகப்பட்டுட்டேன்."

"தெரியும். படி இடுக்கு வழியா உங்க வழுக்கை நிமிர்ந்தது தெரிஞ்சுது."

"நீ எதையும் நம்பாதவளாச்சே. எதுக்கு இவ்வளவு கட்டுப்பாடா வாயை மூடிட்டு இருந்தே?"

"பாதி கடைப்பிடிச்சிருந்தா, மீதிப் பாதியாலதான் கெட்டுதுன்னு சொல்லியிருப்பாரு. முழுசாக் கடைப்பிடிச்சாத்தானே பொய்யின்னு தெரியும்." நாற்காலி நகரும் ஓசை கேட்டது. "போய் ஜன்னலுக்குக் கீழ நில்லுங்க. இத்தனை நாள் அடக்கிவெச்சது தொண்டையில நிக்குது."

அவர் தெருவுக்கு வந்து நின்றார். மாடி ஜன்னல் முழுவதுமாகத் திறந்தது.

"பாதசாரிகளின் கனிவான கவனத்திற்கு" என்றது அந்தக் குரல். காரைச் சூழ்ந்து கூச்சலிட்டவர்கள் அமைதியானார்கள். "சற்றுமுன் வரை கோபத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட இந்த வீடு விற்பனைக்கு உள்ளது. விற்பவர்கள் உரிமையாளர்களே. மாடிக் குளியலறை சிறியது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. படிக்கட்டு முழங்காலுக்கு ஆகாது. மற்றபடி வீடு நல்ல நிலையில் இருக்கிறது. வாங்க விரும்புபவர்கள் வீட்டைக் கேட்க வேண்டாம்; எங்களைக் கேட்கவும்."

இரண்டு தெரு தள்ளியிருந்தவர்களும் கேட்டதாகப் பின்னர்ச் சொன்னார்கள். வீடு இடிந்து விழவில்லை. விரிசல்கூட விடவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் அங்கேயே கை கொடுத்தார். கண்ணாடிக்காரரின் கை வெள்ளையாயிற்று. பத்திரத்தைச் சரிபார்க்க ஊரில் மிச்சமிருந்த பழைய தரகர்களில் ஒருவரை அழைத்தார்கள். அவர் குழல் கொண்டுவரவில்லை, அளவுநாடா கொண்டுவந்தார். மாதம் முடிவதற்குள் எல்லாம் முடிந்தது.

வீடு மாறிய நாளில் ஸ்டேஷனம்மாவை நாற்காலியோடு நால்வர் சுழல்படியில் இறக்கினார்கள். முன்னால் தூக்கியவர் பல்மருத்துவர். அது அவராகக் கேட்டு வாங்கிய வேலை. இடைவழியில் வந்ததும், "கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் ஸ்டேஷனம்மா. சமையலறைக் கதவு திறந்திருந்தது. கருகிய பாத்திரங்களையும், பால் பொங்கிப் பொங்கிக் காய்ந்த அடுப்பையும் நெடுநேரம் பார்த்தார்.

"அந்த ஆள் முழுப்பொய்யன்னு சொல்ல முடியாது" என்றார். "இதைப் பார்த்து யாரோ ஒருத்தி அழுதிருப்பா."

கண்ணாடிக்காரர் வேறெங்கோ பார்த்தார்.

தெருவுக்கு வந்ததும் பல்மருத்துவர் மூச்சு வாங்க நின்று கேட்டார். "அம்மா, ஒரு யோசனை கேக்கணும். பக்கத்து ஊர்ல ஒரு அம்மா இருக்காங்களாம். பூட்டை முகர்ந்து பார்த்தே வீட்டோட ராசியைச் சொல்லிடறாங்களாம். நம்ம வீட்டைத் திரும்ப வாங்கறதுக்கு முன்னாடி ஒருதடவை..."

நாற்காலியிலிருந்து வந்த பதில் தெரு முழுவதற்கும் கேட்டது.

"டாக்டர், வீட்டுக்குக் காதும் கிடையாது, மூக்கும் கிடையாது. உங்களுக்கு ரெண்டு காது இருக்கு. அது ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அதை யாருக்கும் வாடகைக்கு விடாம நீங்களே பயன்படுத்துங்க."